தொலைபேசிப் பூட்டு: ஒரு சிற்றாராய்ச்சி

தரைவழித் தொலைபேசியை அலைபேசி வீழ்த்தியது என்பது பாமரர் கொள்கை. இந்தியாவில் 2006 வாக்கில் ஏறக்குறைய ஐந்து கோடியாக இருந்த இணைப்புகள் 2020-இல் இரண்டு கோடி அளவுக்கு இறங்கியதைச் சான்றாகக் காட்டுவர். எம் கொள்கை வேறு. முதலில் பூட்டு போயிற்று. பின்னே தொலைபேசி போயிற்று.

இளையோர் பொருட்டுச் சற்று விரிப்போம். டயலின் துளையொன்றில் இச்சிறு பூட்டை மாட்டிவிட்டால் வட்டம் முழுதாகச் சுழலாது. வரும் அழைப்புக்குத் தடையில்லை, போகும் அழைப்புக்கே தடை. அதாவது, உறவினர் செலவில் எவ்வளவு நேரமும் பேசலாம். பூட்டின் சாவி பீரோவில் இருக்கும். பீரோ சாவி அப்பாவின் இடுப்பில் இருக்கும்.

பூட்டு உண்டெனில் அதற்கு மறுப்பும் உண்டு. டயல் செய்யும் வேலையெல்லாம் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிப்பதுதான். ரிசீவரைத் தாங்கும் கட்டையைத் தட்டினாலும் அதுவே நிகழும்: மூன்றுக்கு மூன்று தட்டு, சுழியத்துக்குப் பத்து. எஸ்.டி.டி. எண்கள் சுழியத்தில் தொடங்கியமையால், உள்ளூர்க் காதலைவிட வெளியூர்க் காதலுக்குத் தாளஞானம் கூடுதலாக வேண்டியிருந்தது.

தொலைபேசி இல்லாதோர் பக்கத்து வீட்டு எண்ணைத் தம் விசிட்டிங் கார்டில் அச்சிட்டு, அருகே 'பி.பி.' என்று போட்டுக்கொண்டனர். பூட்டு உண்மையில் இவர்களை நோக்கியதே என்பாரும் உளர்.

பொத்தான் தொலைபேசி வந்தபின் எக்ஸ்சேஞ்சே ரகசிய எண்ணால் எஸ்.டி.டி.யைப் பூட்டித் தந்தது, மரபு அறவில்லை. அறுத்தது 2006 மார்ச். நாடெங்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று பி.எஸ்.என்.எல். அறிவித்ததும் பூட்டுவதற்குக் காரணமே இல்லாமற்போயிற்று. அலைபேசி 2004-லேயே எண்ணிக்கையில் முந்திவிட்டதே என்று மறுப்பர். முந்தியது மெய். அதன்பின்னும் 2006 வரை தரைவழி வளர்ந்துகொண்டுதான் இருந்தது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

அண்மைக் காலத்தில் கண்ணாடி இழை இணைப்புகளால் கணக்கு மீண்டும் ஏறுகிறதே என்பார்க்கு விடை: பழைய செப்புக் கம்பி எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் 48 வோல்ட்டைத் தானே சுமந்து வந்து மின்வெட்டிலும் பேசியது. புதியதோ, வீட்டில் கரண்ட் போனால் வாய்மூடும். அழைப்புகள் இலவசம் என்பதால் அதைத் திருட்டுத்தனமாக எவரும் தொடுவதுமில்லை. ஆகவே அதை யாம் தொலைபேசி வகையில் சேர்ப்பதில்லை. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிட்சி தெருவிலும் விசாரித்துவிட்டோம். அதற்குப் பூட்டு வருவதில்லையாம்.