கூடத்து நடுவர்

எங்கள் மாமாவுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். ஒருமுறை வைத்திருக்கிறார். பாத்திரம்தான் தீய்ந்துபோனது. ஆனால் மெல்போர்னில் ஒரு பெண் மீனை அரை நிமிஷம் கூடுதலாக வறுத்துவிட்டாள் என்பதை திருச்சி தில்லைநகரில் சோபாவில் சாய்ந்தபடியே கண்டுபிடித்துவிடுவார்.

"போச்சு. மீன் ஓவர்குக்" என்பார். இரண்டு நிமிஷம் கழித்து டி.வி. நடுவரும் அதையே சொல்வார். உடனே மாமா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாக ஒரு சுற்று பார்ப்பார். ஏதோ அவர் சொல்லித்தான் அந்த நடுவருக்கே தெரிந்ததுபோல இருக்கும் அந்தப் பார்வை.

மாமா தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவர். இப்போது அதையே பென்ஷனில் செய்கிறார்.

இவர் ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சோபாவில் உட்கார்ந்து இந்தியக் கிரிக்கெட் அணியை நடத்திக்கொண்டிருந்தவர்களில் ஒரு கோஷ்டி பிரிந்து அடுப்படிப் பக்கம் வந்துவிட்டது. ஆளை அடையாளம் காண்பது சுலபம். சாம்பாரில் புளி தூக்கல் என்று சொல்லமாட்டார்கள். "பேலன்ஸ் இல்லை" என்பார்கள். வாழைக்காய் வறுவலைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடி "டெக்ஸ்சர்" என்பார்கள். மோர்க்குழம்பை இறக்கி வைத்தால், "இதுல நீ சொல்ல வர்ற கதை என்ன?" என்று கேட்பார்கள். தயிர் புளித்துவிட்டது என்பதைத் தவிர மோர்க்குழம்புக்கு வேறு கதை கிடையாது.

'மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா'வை மாமா சாப்பிட்டுக்கொண்டேதான் பார்ப்பார். கண் திரையில் இருக்கும். கை மட்டும் தட்டுக்கும் வாய்க்கும் போய்வரும். ஒருநாள் அங்கே ஒருவன் நண்டுச் சாற்றை வடிகட்டிக்கொண்டிருந்தான். இங்கே மாமா சாம்பார் கிண்ணம் என்று நினைத்து இட்லியைத் தண்ணீர் டம்ளரில் தோய்த்தார். வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். "நல்ல டெப்த்" என்றார். எதைச் சொன்னார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

"சமையல் புரோகிராம்தானே மாமா" என்று தெரியாத்தனமாக ஒருநாள் சொல்லிவிட்டேன். "என்ன மாப்ள இப்படிச் சொல்லிட்ட?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். 2010-இல் ஆஸ்திரேலியாவில் பொதுத்தேர்தல். பிரதமர் ஜூலியா கில்லார்டும் எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட்டும் டி.வி.யில் நேருக்கு நேர் விவாதிக்க வேண்டும். அதே இரவில் மாஸ்டர்செஃப் இறுதிச்சுற்று. கடைசியில் விவாதத்தைத்தான் முன்கூட்டியே நடத்தி முடித்தார்கள். "ஒரு நாட்டோட அரசியலே அடுப்புக்கு வழிவிட்டிருக்கு. நீ என்னடான்னா..." என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார்.

2018 மாமாவுக்குப் பொற்காலம். சிங்கப்பூரில் பிறந்த தமிழர், அடிலெய்டில் சிறைக்காவல் வேலை பார்த்த சசி செல்லையா, அந்த ஆண்டுப் பட்டத்தை வென்றார். இறுதிச்சுற்றில் நூற்றுக்கு 93. பரிசு இரண்டரை லட்சம் ஆஸ்திரேலிய டாலர். "நம்ம ஆளு!" என்று மாமா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார். கிளறியது அத்தை. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் ஸ்வீட் ஜாஸ்தி" என்றார். கேசரி இனித்தது குற்றமாகப் போன வீடு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அத்தை இதற்கெல்லாம் வாய் கொடுக்கமாட்டார். அவருக்குப் பிடித்தது 'குக் வித் கோமாளி'. 2019-இல் விஜய் டி.வி.யில் தொடங்கிய நாளிலிருந்து பார்க்கிறார். அதில் என்ன அத்தை அப்படிப் பிடித்திருக்கிறது என்று கேட்டேன். "ஒருத்தர் சமைக்கிறாங்க, பக்கத்துல ஒருத்தர் நின்னு கெடுக்கிறாங்க. நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்றார்.

'பிளேட்டிங்' விஷயத்தில்தான் அத்தை வேலையைக் காட்டினார். தட்டில் அழகில்லை, இடைவெளி இல்லை என்று மாமா ஒரு வாரமாக அனத்திக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை பெரிய வெள்ளைத் தட்டு ஒன்று வந்தது. நடுவில் ஒரே ஒரு இட்லி. ஓரத்தில் கரண்டியின் முதுகால் இழுத்த ஒரு தீற்றல் தக்காளிச் சட்னி. மேலே மூன்று கறிவேப்பிலை. மாமா பூரித்துப்போய் நாலு கோணத்தில் படம் எடுத்தார். தின்று முடித்துவிட்டு, "அடுத்த இட்லி?" என்றார். "அவ்வளவுதாங்க. இடைவெளி கேட்டீங்களே" என்று அத்தை தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாஸ்டர்செஃபின் 2021 இறுதிச்சுற்று வந்தது. வங்கதேச வம்சாவளிப் பெண் கிஷ்வர் சௌத்ரி நடுவர்கள் முன்னால் பாந்தா பாத் வைத்தார். சோற்றில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்த நம் பழைய சோற்றின் வங்காளத்து உறவு. கூடவே உருளைக்கிழங்கு மசியலும் வறுத்த மத்தி மீனும். அவருக்குக் கடைசியில் மூன்றாம் இடம்தான் கிடைத்தது. ஆனாலும் அந்தச் சோற்றைப் பார்த்ததும் மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாரும்மா, பழைய சோறு! உலக மேடையில!"

"அதைத்தானே காலையில ஊத்திக் கொடுத்தேன். பழசைப் போட்டே ஆளை முடிச்சிடுவியான்னு கேட்டீங்க."

"அவங்க அதுக்குப் புகை போட்டிருக்காங்கம்மா."

"காலையில எனக்கும்தான் புகைஞ்சுது. உங்களுக்குத் தெரியலை."

பிறகு அத்தை திரையைக் காட்டி ஒன்று கேட்டார். "ஆமா, மேல மாடியில வரிசையா நின்னுக்கிட்டுக் கத்துறாங்களே, அவங்க யாரு?"

மாமா உற்சாகமாக விளக்கினார். "அவங்களுக்கு அன்னைக்குச் சமையல் கிடையாது. கீழ சமைக்கிறவங்களுக்கு மேலேருந்து யோசனை சொல்லுவாங்க."

"அப்படிச் சொல்லுங்க. நான் இத்தனை நாளா உங்களை ஜட்ஜுன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

மாமா முகம் வாடிவிட்டது. சமாதானம் செய்கிற எண்ணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொன்னேன். படப்பிடிப்பு முடிந்து தட்டு நடுவர் மேசைக்கு வருவதற்குள் சாப்பாடு ஆறிப்போகும். அதனால் நடுவர்கள் அது சூடாக இருக்கும்போதே அடுப்படிக்குப் போய் ருசி பார்த்துவிடுவார்களாம்.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். மறுநாள் சாயங்காலம் சோபாவை விட்டு எழுந்து சமையலறை வாசல் வரை போனார். "என்ன இன்னைக்கு?" என்றார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல், கரண்டியிலிருந்து இரண்டு சொட்டு ரசத்தை அவர் உள்ளங்கையில் விட்டார். மாமா ஊதி ஊதி உறிஞ்சினார். பேலன்ஸ் என்றோ டெப்த் என்றோ சொல்லவில்லை.

"உப்பு இல்லையேம்மா."

"இன்னும் போடலைங்க."

இத்தனை வருஷத்தில் மாமா அடுப்படி வரை போய் ருசி பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது ஒன்றுதான். சரியாகவும் இருந்தது.