பருத்திக்கொட்டை வைக்கிற கை

வாடா மருமகனே, உக்காரு. பத்திரிகை வேலைக்குப் போறியாமே. அட்டையைக் கழுத்துல மாட்டிக் கண்ணாடி முன்னால நின்னேன்னு உங்கம்மா சொன்னா. கழுத்துல கயிறுன்னா எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. நாப்பது வருசம் மாட்டுத் தரகு பாத்தவன்.

களத்துல கதிரைத் தின்னுடாம மாட்டுக்கு வாய்க்கூடு கட்டுவோமுல்ல? 1975-ல அவசரநிலைன்னு சொல்லி தில்லிக்காரங்க அதைத்தான் பத்திரிகைக்குக் கட்டுனாங்க. ஜூன் 25 ராத்திரி அச்சாபீசுகளுக்குப் போற கரண்டையே புடுங்கிட்டாங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒரு பத்திரிகை தலையங்கத்து எடத்தை வெத்தா விட்டு அச்சடிச்சது. அதுவும் பொறுக்கல. வெத்திடம் விடக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு உத்தரவு! கத்துனாலும் அடி, சும்மா நின்னாலும் அடி. பம்பாயில ஒரு குசும்பன், ஜனநாயகம் காலமாயிட்டாருன்னு ஆள் பேரு மாதிரி மடக்கி எழுதி, காசு கட்டி, சாவு விளம்பரமே போட்டான்.

ருஷ்யாக்காரன் இன்னும் நுணுக்கம். அங்க மாடும் அவனுது, களமும் அவனுது. பெரியான்னு ஒரு போலீஸ் தலைவரை 1953-ல சுட்டுட்டாங்க. ஆனா அவங்க பெரிய கலைக்களஞ்சியத்துல ஆளு ஜம்முனு உக்காந்திருக்காரு. என்ன செய்ய? வாங்கினவங்க வீட்டுக்கெல்லாம் தபால் போச்சு: அந்தப் பக்கத்தை பிளேடால அறுத்துட்டு, இதை ஒட்டிக்குங்க. புதுப் பக்கத்துல பெரிங் கடல்! ஆளைத் தூக்கிட்டுக் கடலை வச்சுட்டான், அகர வரிசை பிசகாம. வடகொரியாவுல அந்தத் தொல்லையும் இல்ல. ரேடியோ முள்ளை சர்க்கார் நிலையத்துல நிறுத்தி, சீல் வச்சே குடுத்துருவான்.

இவங்கெல்லாம் வெவரமில்லாதவங்கடா. வாய்க்கூடு கட்டுனா ஊருக்கே தெரிஞ்சு போகுமே. ஹங்கேரியில ஆர்பான் பிரதமரா இருந்தாரு பாரு, அவரு நம்ம தொழில்காரரு. 2018 நவம்பர்ல அவருக்கு வேண்டிய முதலாளிங்க பத்திரிகை, ரேடியோ, டிவின்னு நானூறுக்கு மேல ஒரே அறக்கட்டளைக்குத் தூக்கிக் குடுத்தாங்க. விலைக்கு இல்ல, தானம்! கோயிலுக்கு மாடு நேந்து விடுவோமே, அப்படி. யாரும் கேள்வி கேட்டுறக் கூடாதேன்னு, இது தேசத்துக்கு ரொம்ப முக்கியம்னு ஒரு ஆணை. அப்புறம் சர்க்கார் விளம்பரம் எந்தத் தொட்டியில விழும்கிற? பருத்திக்கொட்டை வைக்கிற கையை எந்த மாடு முட்டும்?

சந்தையில நாங்க விலை பேசிப் பாத்திருக்கியா? துண்டைப் போட்டு மூடி, அடியில வெரலைப் புடிப்போம். சுத்தி நூறு பேரு நிப்பான், ஒருத்தனுக்கும் தெரியாது. மாட்டுக்கும் தெரியாது. உங்க முதலாளி மந்திரி வீட்டுக்குக் கிளம்பினா, தோள்ல துண்டு இருக்கான்னு மட்டும் பாத்துக்க.

சரி, நேரமாச்சு, கிளம்பு. இரு, அந்த அட்டையைக் காட்டு. அடேயப்பா, நல்ல நைலான். இந்தத் தரத்துல மூக்கணாங்கயிறு சந்தையில கிடைக்கலடா.