முகையூர் வட்டாரச் சாலைகளில் மேலுறையற்ற ஈருருளிகளின் மேன்மை: ஒரு முன்னோட்ட ஆய்வு

ஆய்வுக் களமும் சிக்கலும்

மலையமான் திருமுடிக்காரி ஆண்ட நாட்டில் ஊர்தி பற்றிய ஆய்வு இத்தனை நூற்றாண்டு நடக்காமல் போனது வியப்புக்குரியது. கேட்டவர்க்கெல்லாம் தேர் கொடுத்தவன் என்று சங்கப் புலவர்கள் அவனைப் பாடினார்கள். அவன் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஏறுபவனுக்கும் ஏறப்படுவதற்கும் ஒரே பெயர் இருந்த காலம் அது. (இன்றும் தெருவில் ‘டேய் டியூக்கு’ என்று கூப்பிட்டால் பையன் திரும்பிப் பார்ப்பது இந்த மரபின் தொடர்ச்சி என்பது ஆய்வாளரின் துணிபு.) அவனது கோவலூருக்குக் கிழக்கே, விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதையில் இருக்கிறது முகையூர்.

சிக்கல் இதுதான்: ஓட்டும் இன்பம் ஒன்றுக்காகவே வண்டி வாங்க நினைக்கும் ஒருவர், இந்த வட்டாரத்தில் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்குவதா, பெரிய நேக்கட் வாங்குவதா? பால் கேன் கட்டவும் புல்லுக்கட்டு ஏற்றவும் வண்டி தேடுவோர் ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு எக்ஸ்எல் இருக்கிறது. ஆய்வும் தேவையில்லை, அறிவுரையும் தேவையில்லை.

கலைச்சொற்கள்

ஸ்போர்ட்ஸ் பைக்: முகமும் விலாவும் பிளாஸ்டிக் ஃபேரிங்கால் மூடப்பட்டு, தாழ்ந்த ஹேண்டில்பாரைப் பிடிப்பதற்காக ஓட்டுபவர் டேங்கின் மேல் கவிழ வேண்டிய வண்டி. நேக்கட்: அந்த மூடாக்கு இல்லாமல் எஞ்சினும் ரேடியேட்டரும் ஊருக்குத் தெரிய, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி.

‘பெரிய’ என்பதற்கு விளக்கம் தேவை. வெளிநாட்டார் பெரிய நேக்கட் என்றால் 948 சிசி கவாசாகி இசட்900 போன்றவற்றைக் கருதுகிறார்கள். முகையூர் அளவுகோல் வேறு. 350 சிசி புல்லட்டே பெரிய வண்டி. 390 டியூக் ரொம்பப் பெரிய வண்டி. அதற்கும் மேலே உள்ளவை ‘யாருதுடா அது?’ என்னும் வகையில் அடங்கும்.

ஒப்பீடு நேர்மையாக இருக்க, இரண்டு பக்கமும் எஞ்சின் ஒன்றாக இருக்க வேண்டும். நல்லவேளையாக ஓசூரில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். டிவிஎஸ் 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்ஆர் 310 என்ற ஸ்போர்ட்ஸ் பைக்கைக் கொண்டுவந்தது. 2023 செப்டம்பரில் அதே 312 சிசி எஞ்சின் குடும்பத்தில் ஆர்டிஆர் 310 என்ற நேக்கட்டை இறக்கியது. யமஹாவும் ஒரு 155 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு ஆர்15, எம்டி-15 என்று இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறது.

ஆய்வு முறையைத் தொல்காப்பியரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறோம்: முதல், கரு, உரி. வெளிநாட்டுக் கோட்பாடு எதையும் பொருத்திப் பார்க்கவில்லை. நெறியாளர் மன்னிக்க.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

ஃபேரிங் எதற்கு? காற்றைக் கிழிக்க. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். அதை வெல்லத் தேவைப்படும் திறனோ மும்மடியாகக் கூடும். 60 கிலோமீட்டரிலிருந்து 120க்குப் போனால் எதிர்ப்பு 4 பங்கு, திறன் 8 பங்கு. எனவே 120இல் ஃபேரிங் தெய்வம். 40இல் அது வெறும் பிளாஸ்டிக்.

இனி நிலத்தைப் பார்ப்போம். மணிக்கு 120 என்பது நொடிக்கு 33 மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளத் தெருவை அந்த வேகத்தில் 30 நொடியில் கடந்துவிடலாம், நடுவில் முகையூர் இல்லாமல் இருந்தால். ஸ்போர்ட்ஸ் பைக் தன் வேலையைத் தொடங்குவதற்குள் ஊர் முடிந்துவிடுகிறது என்பதே இந்த ஆய்வின் மையக் கருத்து. ஊர் முடியாத இடத்தில் ஸ்பீட் பிரேக்கர் வந்துவிடுகிறது.

‘திண்டிவனம்–விழுப்புரம் நால்வழிச் சாலை இருக்கிறதே?’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பைக்குக்குக் காசும் கிடையாது. ஆனால் மத்திய அரசு 2018இல் வெளியிட்ட அறிவிக்கை நால்வழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு உச்ச வேகம் 80 என்று வைத்தது. நேக்கட்டில் நெஞ்சில் காற்று மோதி ஆளைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்குவது அதற்கு மேலேதான். ஆக, சட்டமே நேக்கட்டுக்குச் சாதகமாக எழுதப்பட்டிருக்கிறது. ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு உரிய நிலம் 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். அங்கே எதிரே யாரும் வரமாட்டார்கள், ஆடும் வராது.

பொழுது: கத்திரி வெயில், நண்பகல். ரயில்வே கேட் மூடியிருக்கிறது. ஓடும்போது சூட்டை இழுத்துப் போகும் காற்று நின்றுவிட, ரேடியேட்டர் விசிறி சுழன்று ஃபேரிங்குக்குள் அடைபட்ட அனலை முழங்காலுக்கு அனுப்புகிறது. நேக்கட்டிலும் சூடு உண்டு. ஆனால் அது நாலு பக்கமும் சிதறிப் பக்கத்து வண்டிக்காரருக்கும் பங்கு போகிறது.

கருப்பொருள்

இந்நிலத்தின் கருப்பொருள்கள்: கரும்பு ஏற்றிய டிராக்டர், அதன் பின்னால் ஆடிவரும் டிரெய்லர், சாலையிலேயே காயும் தானியம், ஆட்டு மந்தை, வீட்டுக்கு வீடு தன்முயற்சியில் எழுப்பப்பட்ட வேகத்தடை. இவை ஒவ்வொன்றும் ஓட்டுபவரிடம் கேட்பது தலையைத் தூக்கித் தூரம் பார்க்கும் பார்வையும், சட்டென்று ஒடித்துத் திருப்பக்கூடிய ஹேண்டில்பாரும். டேங்கோடு ஒட்டிய ஹேண்டில்பார் கொஞ்சம்தான் திரும்பும். டிராக்டரைக் கண்டு வண்டியைத் திருப்ப நினைக்கும் ஆர்ஆர் 310 பையன் காலால் தள்ளித் தள்ளி மூன்று தவணையில் திருப்புகிறான். அதை டீக்கடை முழுவதும் பார்க்கிறது.

டீக்கடை இவ்வாய்வில் முக்கியத் தரவுக் களம். கவிழ்ந்தபடி வந்த இளைஞரைப் பார்த்து ஒரு பெரியவர் கேட்டது: “இன்னாடா தம்பி, குனிஞ்சிக்கினே போற, எதுனா தொலைச்சிட்டியா?” இயற்பியல், உடலியல், அழகியல் மூன்றும் அடங்கிய விமர்சனம் இது. இதைவிடச் சுருக்கமாக எந்த மோட்டார் இதழும் எழுதியதில்லை.

இலக்கியச் சான்றும் உண்டு. திருக்கோவலூரில் பெண்ணையாற்றங்கரைக் குன்று ஒன்று கபிலர் பெயரால் வழங்குகிறது. அவர் நண்பர் பாரி முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்தவர். கொடி படர்வதற்குப் பற்றுகோல் வேண்டும். தேரில் கால், ஆரம், கொடிஞ்சி எல்லாம் வெளியே இருந்ததால் முல்லை பற்றிக்கொண்டது. வழவழவென்று ஃபேரிங் போட்ட தேராக இருந்திருந்தால் கொடி வழுக்கி விழுந்திருக்கும். பாரியின் வள்ளன்மையே கேள்விக்குள்ளாகியிருக்கும். பாரியின் தேர் நேக்கட் என்பது இதனால் பெறப்படும்.

உரிப்பொருள்: களிப்பு

ஃபேரிங் பந்தயத்திலிருந்து வந்தது. முன்சக்கரத்தையும் சேர்த்து மூடிய முழுக்கூடுகள் பக்கக் காற்றில் ஆபத்து என்று 1950களின் இறுதியில் உலகப் பந்தயங்களில் தடை செய்யப்பட்டன. 1985இல் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 பந்தய உடுப்போடு தெருவுக்கு வந்தது. அதே 1985இல் நம் ஊருக்கு ஆர்எக்ஸ்100 வந்தது, ஒரு உடுப்பும் இல்லாமல். இன்றும் எந்த வண்டிக்கு ஊரில் மூத்தவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஐரோப்பாவில் விழுந்து உடைந்த ஃபேரிங்கைத் திரும்ப வாங்கக் காசில்லாத பையன்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினார்கள். நிறுவனங்கள் அதைப் பார்த்துக் கழற்றிய வண்டியையே புதிதாக விற்றன. டுகாட்டி மான்ஸ்டர் 1993இல் வந்தது. நம் பையன்கள் கழற்றுவதில்லை. எம்-சீல் வைத்து ஒட்டுகிறார்கள்.

ஆர்ஆர் 310 இப்போது 38 பிஎஸ் தருகிறது, ஆர்டிஆர் 310 வந்தபோது 35.6. காகிதத்தில் ஸ்போர்ட்ஸ் பைக் முந்துகிறது. அந்தக் கூடுதல் குதிரைகள் பத்தாயிரம் ஆர்பிஎம்மை நெருங்கும்போதுதான் லாயத்தைவிட்டு வெளியே வருகின்றன; விழுப்புரம்–திருக்கோவலூர் சாலையில் அவற்றை அவிழ்த்துவிட இடமில்லை. இங்கே களிப்பு என்பது மூன்றாம் கியரில், முப்பதிலிருந்து அறுபதுக்கு, டிராக்டரைத் தாண்டும் அந்த ஒரு முறுக்கு.

மறுப்பும் விடையும்

‘நேக்கட்டின் பின்சீட்டும் உயரம்தானே?’ என்று ஒரு மறுப்பு வரும். இதை மறைக்க ஆய்வாளருக்கு மனமில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 123, பின்னால் உட்காருபவருக்குப் பிடி, மிதி, துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியை மறைக்கும் காப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் சேலையை நினைத்திருக்கிறது. வடிவமைப்பாளர்கள் நினைத்த மாதிரி தெரியவில்லை. எம்டி-15இன் பின்சீட்டில் ஒருக்களித்து உட்காருவது தனிக் கலை. இந்த ஒன்றில் புல்லட்டுக்கே முதலிடம். அதுவும் நேக்கட் என்பதால் கருதுகோளுக்குச் சேதமில்லை.

பரிந்துரை

வண்டி வாங்கப் போகும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஷோரூமுக்கு நண்பனைக் கூட்டிப் போகாதீர்கள். அவன் உங்களுக்காக இஎம்ஐ கட்டப் போவதில்லை. வீட்டில் ஆயா இருந்தால் கூட்டிப் போங்கள். முன்னால் நீங்கள் உட்கார்ந்து, பின்னால் அவரை ஏறச் சொல்லுங்கள். ஏறி உட்கார்ந்து, ‘சரி, போ’ என்றாரானால் அட்வான்ஸ் கட்டிவிடுங்கள்.