லில்லிபுட்டில் மந்திரி ஆவது எப்படி?

படிப்பு, குலம், அனுபவம் எதுவும் கட்டாயமில்லை. கயிற்றின் மேல் குதிக்கத் தெரிந்தால் போதும். ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் தன் பெயரைப் போடாமல் வெளியிட்ட ‘கலிவரின் பயணங்கள்’ சொல்லும் நடைமுறை இது: ஒரு மந்திரி செத்தாலோ, சக்கரவர்த்தியின் கோபத்துக்கு ஆளாகிப் பதவி போனாலோ, ஐந்தாறு பேர் மனுப் போடுவார்கள். தரையிலிருந்து 12 அங்குல உயரத்தில் ஒரு வெள்ளை நூல் கட்டப்படும். ஆறங்குலம்கூட இல்லாத லில்லிபுட்காரர்களுக்கு அது இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். விழாமல் அதிக உயரம் குதிப்பவருக்கே நாற்காலி.

பயிற்சியைச் சிறுவயதிலேயே தொடங்கிவிடுங்கள். பதவி வந்த பிறகும் விடாதீர்கள். பழைய மந்திரிகளையும் குதித்துக் காட்டச் சொல்வது அங்கே வழக்கம். நிதியமைச்சர் ஃப்ளிம்நாப் மற்றவர்களைவிட ஓர் அங்குலம் கூடுதலாகத் துள்ளுவார். அவரே ஒருமுறை விழுந்தார். கீழே அரசரின் மெத்தை ஒன்று தற்செயலாகக் கிடந்ததால் கழுத்து தப்பியது. (அன்றைய பிரதமர் ராபர்ட் வால்போலைத்தான் ஸ்விஃப்ட் இப்படித் துள்ளவிட்டார் என்பார்கள்.) ஆகவே குதிக்கப் பழகும்போதே மெத்தை எங்கே கிடக்கிறது என்றும் பார்த்து வையுங்கள்.

பட்டம் வேண்டுமானால் வேறு தேர்வு. சக்கரவர்த்தி ஒரு கோலைப் பிடிப்பார். அவர் உயர்த்தினால் அடியில் தவழ வேண்டும், தாழ்த்தினால் மேலே தாண்ட வேண்டும். முதல் பரிசு நீலப் பட்டுநூல், பிறகு சிவப்பு, பச்சை. இடுப்பில் இரண்டு சுற்றுக் கட்டிக்கொள்ளலாம். முதுகெலும்பு விறைப்பானவர்களுக்கு இந்தத் தேர்வு ஒத்துவராது. பிரிட்டனின் நிஜப் பட்டங்களுக்கும் இதே நிறங்கள் என்பதால், முதல் பதிப்பில் வேறு நிறங்களைப் போட்டு அச்சிட்டார்கள். அவ்வளவு பயம்!

முட்டையைச் சிறிய முனையில் மட்டும் உடையுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். பெரிய முனையில் உடைத்த ஓர் இளவரசருக்கு எப்போதோ விரல் வெட்டுப்பட்டது. அதற்காகச் சட்டம் வந்தது, சட்டத்துக்குப் பணியாமல் 11,000 பேர் உயிரை விட்டார்கள்.

பதவியில் இருக்கும்போது நல்லது செய்யாமல் இருப்பது உத்தமம். அங்கே போய்ச் சேர்ந்த, அவர்களுக்கு ராட்சசனான கலிவர் எதிரி நாட்டின் 50 போர்க்கப்பல்களை இழுத்து வந்தார், அரண்மனைத் தீயை அணைத்தார். அணைத்த விதம் மகாராணிக்குப் பிடிக்கவில்லை. ராஜதுரோக வழக்கு வந்தது. மரண தண்டனை வேண்டாம், இரண்டு கண்களையும் குருடாக்கினால் போதும் என்று பரிந்து பேசியவர் கலிவருடைய நண்பர் ரெல்ட்ரெசல்.

சக்கரவர்த்தியின் கருணையைப் புகழ்ந்து அரண்மனை அறிக்கை விட்டால் பெட்டியைக் கட்டாதீர்கள், அதற்கு நேரமிருக்காது. கலிவர் கடலில் இறங்கி எதிரி நாடான ப்ளெஃபஸ்குவுக்கே போய்விட்டார்.