ஐவர் அணித் தொடர்களின் முதல் அத்தியாயம்: திருமலைத் துறைமுகச் சான்றுகளின் வழி ஒரு மீள்பார்வை

ஐந்து பேர் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றும் புதிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் முதல் அத்தியாயத்தை மதிப்பிடுவது இவ்வாய்வின் நோக்கம். தொடரின் பெயர் 'மைட்டி மோர்பின் பவர் ரேஞ்சர்ஸ்'. அமெரிக்காவில் 1993 ஆகஸ்ட் 28 இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. முப்பது வருடத்துக்கு முந்திய சரக்கைப் புதியது என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்பவர்களுக்கு நம் ஆய்வுலகத்தோடு பழக்கமில்லை. இங்கே ஒரு கல்வெட்டு வெளிப்பட்டால் படிக்க ஒரு தலைமுறை, அச்சேற்ற இன்னொரு தலைமுறை, மறுக்க ஒரு பின்னேரம். அந்தக் கணக்கில் இத்தொடர் இன்னும் சூடு ஆறாதது. நான் அவசரப்படுகிறேன் என்றுகூட மூத்த ஆய்வாளர்கள் குறைசொல்லக்கூடும்.

ஆய்வுக் களம்: டொக்யார்ட் வீதி, உள்துறைமுக வீதி, இவற்றைச் சுற்றித் தேத்தண்ணி கிடைக்கும் இடங்கள். பிரெட்றிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களையும் மாதிரியில் சேர்க்க முயன்றேன். வாழைப்பழம் இருந்தவரை ஒத்துழைத்தன. வினாக்கொத்தை நீட்டியதும் நகர்ந்துவிட்டன. அமெரிக்கத் தொடரை ஆராயத் திருகோணமலை எதற்கு என்றால், நான் இங்கே இருக்கிறேன், அதற்காகத்தான். பெரும்பாலான களத் தேர்வுகளுக்கு இதுவே காரணம். மற்றவர்கள் இதை 'முறையியல்' என்று தலைப்பிட்டு நாலு பக்கம் எழுதுவார்கள்.

ஒன்றைப் பார்க்காமல் அதைப் பற்றி எழுதலாமா என்பது இத்துறையின் பழைய வழக்கு. இம்மண்ணில் முன்னுதாரணம் உண்டு. திருஞானசம்பந்தர் இராமேசுவரத்தில் நின்றபடியே கோணமாமலையைப் பாடினார் என்பது மரபு. அவருக்கு ஞானக்கண் இருந்தது. இன்றைய விமர்சகருக்கு டிரெய்லர் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை விமர்சகர்கள் மட்டும் ஏற்பதில்லை. நேரே இறங்கிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆர்தர் சி. கிளார்க் 1956 இல் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கி, போர்த்துக்கீசர் 1622 இல் இடித்துத் தள்ளிய கோயிலின் கற்களைக் கண்டார். அறிவியற் புனைகதைக்காரர் கடலுக்குள் போய்க் கல்லைப் பார்த்தார். கல்லைப் பார்க்க வேண்டியவர்கள் கரையில் கதிரை போட்டிருந்து புனைகதை எழுதினார்கள். நான் எந்தக் கட்சி என்பதை வாசகர் போகப்போக அறிவார்.

அணிகளின் வகைப்பாடு வருமாறு.

ஒருவர் அணி: இராவணன். பத்துத் தலை, இருபது கை, ஒரே வயிறு. தயாரிப்பாளருக்குச் சாப்பாட்டுச் செலவு மிச்சம். மலையில் இராவணன் வெட்டு இன்றும் இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே மலையைப் பிளக்கத் துணிந்த ஒரே நாயகன் அவன்தான்.

எழுவர் அணி: கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. தொடருக்கு உகந்தவை.

அறுபத்துமூவர் அணி: கோயில் வீதியில் காண்க.

ஐவர் அணி: பாண்டவரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அவர்கள் உள்ளே வந்தால் வேறு யாரையும் பேசவிடமாட்டார்கள்.

கதைக்கு வருவோம். சந்திரனில் இறங்கும் இரண்டு விண்வெளி வீரர்கள், பத்தாயிரம் வருடமாக மூடிக் கிடந்த பெரிய பாத்திரம் ஒன்றைத் திறக்கிறார்கள். உள்ளிருந்து ரீட்டா ரிப்பல்சா என்ற சூனியக்காரி பரிவாரத்தோடு வெளியே வந்து பூமியைப் பிடிக்கப் பார்க்கிறாள். திறந்தவர்கள்மீது விசாரணை ஏதும் இல்லை. தொல்லியலில் இது வழக்கந்தான். சோர்டன் என்ற மிதக்கும் பெருந்தலை ஐந்து இளவயதினரை வரவழைத்து ஆளுக்கொரு நிறமும் வல்லமையும் கொடுக்கிறது. அவர்கள் முதலில் வேண்டாம் என்று வெளியேறுகிறார்கள், வழியில் அடி விழுந்ததும் ஒத்துக்கொள்கிறார்கள். நடிப்பு: உண்டு. இசை: கிட்டார், தாராளமாக. நீளம்: இருபது நிமிடத்துக்கு அங்கே இங்கே. கலைத்தரம்: பார்க்கலாம் (வாய்மொழி, பக்கத்து வீட்டு அக்கா).

சோர்டன் மூன்று விதிகள் சொல்கிறது. வல்லமையைச் சொந்த இலாபத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. எதிரி வற்புறுத்தாமல் சண்டையை நீங்களாகப் பெரிதாக்கக்கூடாது. நீங்கள் யார் என்று வெளியே சொல்லக்கூடாது. இம்மூன்றையும் ஒருசேர மீறும் மனிதக் கூட்டம் ஒன்று உண்டென்றால் அது பதிப்பாசிரியர் குழுதான். இரண்டாவது விதியை ரீட்டாவும் மதிப்பதில்லை. தன் கோலை எறிந்து, பரிவாரத்தில் ஆளளவில் இருந்த கோல்டார் என்பவனைக் கட்டட உயரத்துக்கு வளர்க்கிறாள். ஒருவரின் அடிக்குறிப்பு மற்றவரின் மறுப்பு நூலாக வளர்வதைப் பார்த்தவர்களுக்கு இக்காட்சியில் மிகை எதுவும் தெரியாது.

இனி உயிரியல். ஐவருக்கும் வல்லமை 'டைனோசர்'களிடமிருந்து வருவதாகச் சொல்லப்படுகிறது. டைரனோசோரசும் டிரைசெரடொப்சும் டைனோசர்கள், சரி. டெரொடக்டில் பறக்கும் ஊர்வன, டைனோசர் அல்ல. மஸ்டொடன் யானைக்குச் சொந்தம். வாட்பல் புலி பாலூட்டி. ஐந்தில் மூன்று தவறான அலுமாரியில். இதைச் சுட்டிக்காட்டியபோது தேத்தண்ணிக்கடையில் எனக்குக் கிடைத்த மரியாதையைப் பதிவு செய்யாமல் விடுகிறேன் (வாங்கின் இடப்பக்கம், மழை நாள், எதிர்க்கருத்து, அதே வாங்கின் வலப்பக்கம், அதே மழை).

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பு, நீலம், பச்சை மூன்றையும் இலங்கையில் கட்சிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. கறுப்பு கடையடைப்புக்கு. மஞ்சள் கோயிலுக்கு. இளஞ்சிவப்பு மட்டும் பாக்கி. ஆகவே தேர்தல் காலத்தில் இங்கே இத்தொடரை எடுப்பதென்றால் ஒரேயொருவரை வைத்துத்தான் எடுக்கலாம். அது மேலே சொன்ன ஒருவர் அணிக்குள் அடங்கிவிடும்.

மஞ்சள் விடயம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. அமெரிக்கத் தொடரின் சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி 1992 இல் யப்பானில் வெளியான 'ஜூரேஞ்சர்' தொடரிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை. முகமூடி கழற்றிய காட்சிகளுக்குத்தான் அமெரிக்கப் பிள்ளைகள். அதனால்தான் இளஞ்சிவப்பு உடையில் குட்டைப் பாவாடை இருக்கிறது, மஞ்சள் உடையில் இல்லை: யப்பானில் மஞ்சளுக்குள் இருந்தவன் ஆண், அமெரிக்காவில் அதே மஞ்சள் பெண்ணுக்குப் போயிற்று. மேற்கோள் குறி போடாமல் பிறர் பக்கங்களைத் தன் நூலில் ஒட்டுபவர்கள் இதிலிருந்து கற்க வேண்டியது, தையல் பிரியும் இடத்தை முதலில் பார்ப்பது என்பதை.

மூலத்தின் மூலத்துக்குப் போனால் விடயம் இன்னும் சுவைக்கிறது. இவ்வகைத் தொடர்களுக்கெல்லாம் ஆதி, ஷோட்டாரோ இஷினோமோரி உருவாக்கிய 'கோரேஞ்சர்'. 1975 ஏப்ரல் 5 இல் தொடங்கி 84 அத்தியாயம் ஓடியது. அதன் முதல் அத்தியாயத்தில் ஒரு காப்புப் படையின் ஐந்து கிளைகளும் அழிக்கப்பட, கிளைக்கு ஒருவராகத் தப்பிய ஐவர் ஒன்று சேர்கிறார்கள். அவர்களுடைய இரகசியத் தளம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கீழே. கடை முதலாளிதான் தளபதி. மஞ்சள் வீரன் கறிச்சோற்றுப் பிரியன், தட்டுத் தட்டாக இறக்குவான். இங்கேதான் திருகோணமலை உள்ளே வருகிறது. கறி யப்பானுக்குப் போனது பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் வழியாக. யப்பானியக் கடற்படை அதைத் தன் சமையலறையில் நிலைநிறுத்தியது. பிரித்தானியக் கடற்படையோ திருகோணமலையில் தளம் வைத்திருந்தது. 1957 இல்தான் கையளித்துவிட்டுப் போனது. ஆகவே உள்துறைமுகக் கரையில் எங்கள் பூட்டி ஒருத்தி வைத்த நண்டுக் குழம்பை ஒரு மாலுமி வழித்துச் சாப்பிட்டு, அந்த நினைவோடு கப்பலேறி, கிழக்கே போய், யப்பானியச் சமையற்காரன் ஒருவனிடம் கைச்சாடையால் விளக்க, அது மூன்று தலைமுறை கடந்து மஞ்சள் வீரனின் தட்டில் விழுந்தது. இச்சங்கிலியில் கடற்படைகள் இரண்டும் உண்மை, பூட்டியும் குழம்பும் மாலுமியும் என் விருப்பம். முனைவர் பட்டத்துக்கு இந்த விகிதம் தாராளம் (மேற்படி வாங்கு, திருத்திய பதிப்பு, அதாவது ஆடிய காலுக்கு ஆணி அடித்த பின்; இடப்பக்கத்தார் குழம்பை ஏற்று நண்டை மறுக்கிறார், வலப்பக்கத்தார் நண்டை ஏற்று அது மூதூர் நண்டு என்கிறார்).

இதுவரை சொன்னவை பக்கம் நிரப்ப. இவ்வாய்வின் கரு வில்லனின் பொறுமை.

ஐவரும் உருமாறும்போது ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் விலங்கின் பெயரைக் கூவுகிறார்கள். மஸ்டொடன். டெரொடக்டில். டிரைசெரடொப்ஸ். வாட்பல் புலி. டைரனோசோரஸ். கோரேஞ்சரில் இதுவே நிறப் பெயராக இருந்தது. கையை நீட்டி, உடம்பைத் திருப்பி, பின்னால் ஒளி வெடிக்க, ஐந்து முறை. இவ்வளவு நேரமும் எதிரி என்ன செய்கிறான்? ஒருவன் வாயைத் திறக்கும்போது நடு நெற்றியில் ஒன்று போட்டால் தொடர் முதல் அத்தியாயத்தோடு முடிந்துவிடும். போடமாட்டான். ஏன்?

பயம் என்பார் ஒரு சாரார். பத்தாயிரம் வருடம் பாத்திரத்துக்குள் இருந்த கூட்டத்துக்கு இனி என்ன பயம். யுத்த தர்மம் என்பார் இன்னொரு சாரார். சூனியக்காரியின் சம்பளத்தில் இருப்பவனுக்குத் தர்மம் ஏது. என் முடிபு வேறு. அந்த வில்லன் எங்கள் ஊர் நூல் வெளியீட்டு விழாவில் குறைந்தது ஒருமுறையாவது முன்வரிசையில் இருந்திருக்கிறான்.

நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதி வழங்கல், நயவுரை, ஏற்புரை, நன்றியுரை. உரையாற்றும் ஒவ்வொருவரும் முதலில் மேடையிலுள்ள மற்ற அனைவரையும் பட்டத்தோடும் பதவியோடும் விளிக்க வேண்டும். ஐவர் இருந்தால் ஆளுக்கு நாலாக 20 விளிப்பு. ஒன்பது பேர் என்றால் 72. எங்கள் மேடைகளில் ஒன்பது பேர் என்பது அழைப்பிதழ் சரியாகப் போய்ச்சேராத நாள். பவர் ரேஞ்சர்களோ தம் பெயரைத் தாமே சொல்கிறார்கள், ஐந்தே விளிப்பு, பொன்னாடை கிடையாது. இந்தச் சிக்கனத்தைக் கண்டு வில்லன் மலைத்து நிற்கிறான். அவன் நிற்பது மரியாதைக்கு, கொஞ்சம் பொறாமைக்கும்.

இதற்குத் துணைச் சான்று நயவுரை. நயவுரைக்காரர் வீட்டிலிருந்து புறப்படும்போது நூலின் பின்னட்டையைப் படித்திருப்பார். தலைமையுரை நடக்கும்போது பொருளடக்கத்தை முடிப்பார். ஆசியுரையில் முதல் இயலின் பாதிக்கு வந்துவிடுவார். ஆசியுரை நீண்டால் முழுதும். பிறகு எழுந்து நின்று, இந்நூல் ஒரு மைல்கல் என்பார். முதல் அத்தியாயத்தைப் பார்த்துத் தொடர் முழுவதையும் எடைபோடும் சின்னப் பெடியன்களை மேலோட்டம் என்று கண்டிக்கும் பேராசிரியர்கள் பலர் இம்மேடையில் வளர்ந்தவர்கள். பெடியன் இருபது நிமிடத்தை முழுதாகவாவது பார்த்திருக்கிறான். அவன் சொல்வதும் சரியாகவே இருக்கிறது: ஐந்து பேரை அறிமுகப்படுத்தி, ஒருவரோடொருவர் ஒட்டவைத்து, ஒரு சண்டையும் காட்டி முடிக்க இருபது நிமிடம் போதுமென்று இத்தொடர் நிரூபித்திருக்கிறது. வரவேற்புரையே அதைவிட நீளம்.

இக்கொள்கைக்கு வரக்கூடிய ஆட்சேபம் ஒன்றுதான். ஐந்து இயந்திர விலங்குகளும் ஒன்றிணைந்து மெகாசோர்ட் என்ற இராட்சத உருவாகிக் கோல்டாரோடு பொருதும்போது, அந்தப் பூட்டுப் பூட்டாகச் சேரும் நேரம் முழுதும் அவன் காத்திருப்பதை எவ்வாறு விளக்குவது? அங்கே யாரும் உரையாற்றவில்லையே. அது எரிபொருள் நிரப்பும் நேரம் என்று கொள்ளலாம். சீனன்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன, நிரப்ப நேரம் பிடிக்கும். அல்லது அது நன்றியுரைக்கும் வடைக்கும் இடைப்பட்ட நேரம் என்றும், எழுந்து போனால் இடம் போய்விடும் என்பதால் எவரும் அசைவதில்லை என்றும் கொள்ளலாம் (பின்னதற்கு ஆதாரம்: மேற்படி தேத்தண்ணிக்கடை, மேற்படி வாங்கு, மூன்றாம் பதிப்பு, இப்பதிப்பில் நடுவில் இருப்பவரும் முதன்முறையாக வாய் திறக்கிறார், அவர் கூற்று, தான் ஒரு வெளியீட்டில் வடை வரும்வரை இருந்தும் வடை வலப்பக்க வரிசையோடு தீர்ந்துவிட்டது, இதை வலப்பக்கத்தார் மறுத்து, தீர்ந்தது வடையல்ல ரோல்ஸ் என்று நிறுவ, இடப்பக்கத்தார் அந்த விழாவே நடக்கவில்லை, மழைக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று அழைப்பிதழைக் காட்ட, அழைப்பிதழில் மூவர் பெயரும் வாழ்த்துரைப் பட்டியலில் இருப்பது தெரியவந்து, யார் பெயர் முதலில் அச்சாகியிருக்கிறது என்ற ஆய்வு தொடங்கியது, இந்நிலையில் கடைக்காரர் மூவரையும் எழுப்பி வாங்கைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்துவிட்டதால் மேற்கோள் இவ்விடத்தில் நிற்கிறது).