மச்சர்தானிக்குள் இருப்பது யார்?

1. ஆய்வின் தேவை

இந்தியில் அறிவியல் கலைச்சொற்களை உருவாக்க 1961இலேயே ஓர் ஆணையம் அமைத்தாயிற்று. எலிப்பொறிக்கும் தேங்காய்த் துருவிக்கும் பெயர் சூட்ட எந்த ஆணையமும் கூடவில்லை. அடுப்படியே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அந்தப் பெயர்களைத் தமிழில் சொன்னால் பொருள் விளங்கிவிடுகிறது. பெயர் வைத்தவரின் குணந்தான் வந்து சேர்வதில்லை. அக்குணத்தை நான்காக வகுத்து, ஐந்தாவதாக ஒன்றில் மாட்டிக்கொள்வதே இவ்வாய்வு.

2. வகைப்பாடு

அ) செயலால் பெயர் பெற்றவை: வினையோடு 'னி' சேர்ந்தால் கருவி. 'சான்னா' என்றால் சலிப்பது, சல்லடை 'சன்னி'. 'பூங்க்னா' என்றால் ஊதுவது, ஊதுகுழல் 'புங்க்னி'. 'சாட்னா' என்றால் நக்குவது, ஆகவே 'சட்னி'. இட்லியின் அருகில் இத்தனை காலமாக அமர்ந்திருப்பது ஊதுகுழலின் உடன்பிறப்பு என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

ஆ) பலியால் பெயர் பெற்றவை: காய் துருவும் கருவி 'கத்தூகஸ்'. கத்தூ என்றால் பூசணி. ஆனால் குளிர்காலம் வந்துவிட்டால் வட இந்திய வீடுகளில் அல்வாவுக்காக அதில் உரசி உயிர் விடுவது கேரட். பழி ஒரு காய்க்கு, பலி இன்னொரு காய்.

இ) பயனாளியால் பெயர் பெற்றவை: ரொட்டியைத் தணலிலிருந்து எடுக்கும் இடுக்கி 'சிம்டா'. உருதுவில் அதற்கு 'தஸ்த்பனாஹ்' என்றொரு பெயர் உண்டு: கைக்குப் புகலிடம். பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையில் சிறுவன் ஹாமித் பொம்மையும் மிட்டாயும் வாங்காமல், கை சுட்டுக்கொள்ளும் பாட்டிக்காக மூன்று பைசாவுக்கு வாங்கியது இதைத்தான். இடுக்குவதால் இடுக்கி என்றோம் நாம். எந்தக் கை தப்பியது என்று கேட்டவர்கள் அவர்கள்.

ஈ) கைதியால் பெயர் பெற்றவை: 'தான்', 'தானி' என்பன பாரசீகத்திலிருந்து வந்த விகுதிகள், கொள்கலன் என்று பொருள். பான்தானில் வெற்றிலை, நமக்தானியில் உப்பு, சாபுன்தானியில் சோப்பு. குப்பைத்தொட்டி கூடாதான். கருப்பைகூடப் பேச்சுவழக்கில் பச்சேதானி, அதாவது குழந்தை இருக்கும் கலன். எலிப்பொறி 'சூஹேதானி', காலியாகக் கிடந்தாலும் அதே பெயர்தான், நம்பிக்கையில் வைத்தது.

3. சிக்கல்

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படும் விதி ஒன்றே: தானிக்கு முன்னால் பெயர் உள்ளவரே தானிக்கு உள்ளே இருப்பவர்.

இனி, கொசுவலையின் இந்திப் பெயரைக் காண்க: மச்சர்தானி. மச்சர் என்றால் கொசு. விதிப்படி கொசு உள்ளே, மனிதன் வெளியே இருந்தாக வேண்டும். களநிலவரமோ நேர்மாறு. போதாக்குறைக்கு, இந்தியில் 'ஆ' என்று முடிந்தால் பெரிது, 'ஈ' என்று முடிந்தால் சிறிது: ஹதௌடா சம்மட்டி, ஹதௌடீ சுத்தியல். அந்தக் கணக்கில் தானி ஒரு சிமிழாக இருக்க வேண்டும். இதுவோ கட்டிலையே விழுங்கி நிற்கிறது.

4. கருதுகோள்கள்

முதலாவது: பெயர் வைத்தது கொசு. சாய்தானியில் தேநீர் ஆறாமல் காத்திருப்பதுபோல, இதில் கொசுவின் இரவுச் சாப்பாடு மூடி வைக்கப்பட்டிருக்கிறது. தர்க்கத்தில் பழுதில்லை, கொசு இந்தி பேசுமா என்பதுதான் நிறுவப்படவில்லை.

இரண்டாவது: பெயர் வைத்தவருக்கு இலக்கணம் தெரியாது. இதைத் தமிழர் சொல்லக் கூடாது. மீன்வலையில் மீன் சிக்கும். கொசுவலையில் எந்தக் கொசு சிக்கியது? குற்றம் இரண்டு வீட்டிலும் உண்டு.

மூன்றாவது: பெயர் வைத்தவர் இலக்கணமும் அறிந்தவர், வலைக்குள் படுத்தும் பார்த்தவர். விடிந்ததும் வலையின் உள்பக்க மூலையில் வயிறு சிவக்க, பறக்க மாட்டாமல் ஒட்டிக்கொண்டிருந்த நான்கு கொசுக்களைக் கண்டார். எலி சிக்கும் என்று நம்பி சூஹேதானிக்குப் பெயர் வைத்தார்கள். கொசு சிக்கியதைக் கண்ணால் கண்டு மச்சர்தானிக்குப் பெயர் வைத்தார்கள்.

5. முடிவு

மூன்றாம் கருதுகோளே ஏற்கப்படுகிறது. விதி நிற்கிறது, மச்சர்தானி விலக்கன்று, விதிக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்று. எனவே மொழிபெயர்ப்பாளர்கள் 'கொசுக்கலன்' என்றே தயங்காமல் எழுதலாம். மற்றவர்கள் கால்மாட்டில் இருக்கும் கிழிசலைத் தைத்துவிட்டுப் படுக்கவும்.