பேர் சொல்லாத ஸ்டேஷன்

ப்ளூடூத்தைப் பற்றி என்னிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். இணைத்துக் கொடு என்று மட்டும் கேட்காதீர்கள். 1994-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில், எரிக்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த யாப் ஹார்ட்சன் என்ற டச்சுக்காரர் இந்த வேலையைத் தொடங்கினார். 1998-இல் எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்தும் சேர்ந்து இதற்கென ஒரு அமைப்பை உண்டாக்கின. பெயர், பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற ராஜாவின் பட்டப்பெயர். இன்டெல்லில் இருந்த ஜிம் கார்டாக், வைக்கிங்குகளைப் பற்றிய ஒரு நாவலைப் படித்துவிட்டு, சிதறிக் கிடந்தவர்களை ஒன்றுசேர்த்த ராஜா ஆயிற்றே என்று 1997-இல் தற்காலிகமாக இந்தப் பெயரைச் சொன்னார். நல்ல பெயர் கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். கிடைக்கவில்லை.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம் உண்டு. கார் செட்டில் போன் இணையாத நேரத்தில் வண்டிக்குள் ஒரு மௌனம் வரும். பின்சீட்டில் மகள் ஜன்னலைப் பார்ப்பாள். பக்கத்தில் மனைவி என் விரலைப் பார்ப்பாள். அந்த மௌனத்தில் பேசுவதற்கு ஏதாவது வேண்டும் என்றுதான் இதையெல்லாம் படித்து வைத்தேன். தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் முதன்முதலாக எடுத்துவிட்டேன். ஹரால்டுக்கு ஒரு பல் நீலம் பாரித்திருந்ததாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனைவி கேட்டாள்: "ராஜா கதை அப்புறம். பாட்டு வருமா, வராதா?"

வரவில்லை. வண்டி செகண்ட் ஹேண்ட். முன்பு வைத்திருந்தவர் குடும்பத்தோடு அந்தச் செட்டுக்குள் குடியிருந்தார். 'டாடி நியூ', 'அம்மா', 'ஆபீஸ்' என்று வரிசையாகப் போன்கள். பழைய செட்டுகள் இத்தனை போனைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று ஒரு கணக்கு உண்டு. அது நிரம்பிவிட்டால் புதிதாக வருபவரைச் சேர்த்துக்கொள்ளாது. யாரையாவது அழித்தால்தான் நான் உள்ளே போக முடியும். 'டாடி நியூ'வை யோசிக்காமல் அழித்தேன். 'அம்மா'வை அழிக்கக் கை வரவில்லை. அந்த அம்மாவை எனக்கு யாரென்றே தெரியாது. இருந்தாலும் 'டெலிட்' என்று திரையில் கேட்டபோது என்னவோ போல் ஆகி, 'ஆபீஸ்' மேல் கைவைத்தேன்.

இடம் கிடைத்ததும் பின் நம்பர் கேட்டது. நான்கு இலக்கம். எனக்குத் தெரிந்த ஒரே நான்கு இலக்கத்தைப் போட்டேன்: ஏடிஎம் பின். ஏற்கவில்லை. ஒருவேளை மறந்துவிட்டேனோ என்று மனைவியின் கார்டுடையதையும் போட்டுப் பார்த்தேன். பின்சீட்டிலிருந்து "0000 போடுப்பா" என்று குரல் வந்தது. திறந்துகொண்டது. 2007-இல் வந்த 2.1 பதிப்புக்குப் பிறகு இந்தத் தொல்லை கிடையாது, இரண்டு திரையிலும் ஒரே ஆறு இலக்கம் தெரிகிறதா என்று பார்த்து ஒப்புக்கொண்டால் போதும் என்று மகளுக்கு விளக்கினேன். அவள் காதில் ஏற்கெனவே இயர்பட் இருந்தது. அது இணைந்திருந்தது.

அடுத்த சிக்கல், 'கனெக்டட்' என்று செட் சத்தியம் செய்யும். பாட்டு மட்டும் போனிலிருந்தே கீச்சென்று வரும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு பல நாள் ஓட்டினேன். ஸ்பீக்கர் வயர் போயிருக்கும் என்று ஒரு முடிவுக்கு வந்து, கதவு உறையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கடைக்கும் கொண்டுபோனேன். கடைப் பையன் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே இல்லை. என் போனை வாங்கி, செட்டின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சக்கரத்தைத் தொட்டு, 'மீடியா ஆடியோ' என்பதை ஆன் செய்தான். போன் பேச்சுக்கு ஒரு ஒப்பந்தம், பாட்டுக்கு வேறு ஒப்பந்தம். ஒன்று இருந்து இன்னொன்று இல்லாமல் போகலாம். இந்த விஷயமும் எனக்குத் தெரியும். அந்தச் சக்கரத்தைத் தொடலாம் என்பதுதான் தெரியாது. எவ்வளவு என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் எதுக்கு சார் காசு" என்றான். ஐந்நூறு ரூபாய் வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பாட்டு வந்தது. சரி, இனி நிம்மதி என்று இருக்கும்போதுதான் வண்டி என் குடும்ப வாழ்க்கைக்குள் நுழைந்தது. இணைக்கும்போது திரையில் ஏதோ அனுமதி கேட்டது. இந்தக் காலத்தில் யார் படிக்கிறார்கள்? 'அலவ்' என்று அமுக்கினேன். அது கேட்டது என் காண்டாக்ட் பட்டியலை. கொடுத்தாகிவிட்டது. இனி யார் அழைத்தாலும் நான் எந்தப் பெயரில் பதிந்து வைத்திருக்கிறேனோ அந்தப் பெயர் டாஷ்போர்டு நடுவில் பெரிய எழுத்தில் தெரியும்.

இங்கே ஒரு பின்கதை. இந்தக் கார் வாங்கக் கொஞ்சம் பணம் குறைந்தது. மனைவியின் தம்பியிடம் இருபதாயிரம் வாங்கினேன். வீட்டில் போனஸ் என்று சொன்னேன். மறந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அவர் நம்பரை 'மச்சான் 20 கே' என்று மாற்றி வைத்தேன். ஒருநாள் எல்லோருமாகப் போகும்போது, துவாக்குடி தாண்டியதும் பாட்டு நின்றது. டாஷ்போர்டில் 'மச்சான் 20 கே' ஒளிர்ந்தது. தம்பி கூப்பிடுகிறானே என்று மனைவி ஆசையாகப் பச்சைப் பொத்தானைத் தொட்டாள். நான்கு கதவிலிருந்தும் குரல்: "மாமா, அந்த இருபதைப் பத்திப் பேசலாம்னு..."

சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு என்று ஒலி அப்படியொரு துல்லியம். இதில் என்னால் ஆறிக்கொள்ளவே முடியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தச் செட்டுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தமிழில் பதிந்த பெயரெல்லாம் அதில் வெறும் கட்டம் கட்டமாகத்தான் வரும். பால்காரர் கட்டம், கேஸ்காரர் கட்டம், பெரியம்மா கட்டம். மச்சானையும் தமிழிலேயே எழுதி வைத்திருந்தால் கட்டத்தோடு போயிருக்கும். தாய்மொழிப் பற்று இல்லாமல் ஆங்கில எழுத்தில் அடித்தேன், மாட்டினேன்.

அதன் விளைவுகளை விரிவாகச் சொல்வதற்கில்லை. அவற்றில் ஒரு பகுதியை வண்டியே எனக்குச் சொன்னது. மனைவியின் போனும் அதில் பதிவாகியிருந்தது, எங்கள் வீடோ முதல் மாடி. சுவரும் தளமும் நடுவில் இருந்தாலும் ஏழெட்டு மீட்டர் என்பது இதற்கு எட்டக்கூடிய தூரம்தான். ஒருநாள் காலை கீழே போய்ச் சாவியைத் திருப்பினேன். செட் உயிர்பெற்றது, கடைசியாக இணைந்திருந்த போனைத் தேடியது, மேலே மனைவி அக்காவோடு பேசிக்கொண்டிருந்த போனைப் பிடித்து, பேச்சை அப்படியே கீழே இறக்கிவிட்டது. "...தம்பிகிட்டயா போய் வாங்கினாரு? ஆபீஸ்ல என்னதான் சம்பளம் குடுக்கறாங்க அவருக்கு?" என்றது வண்டி.

நியாயமாக நான் உடனே அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. காரை நகர்த்தினால் தூரம் கூடித் தொடர்பு அறுந்துவிடும் என்ற தொழில்நுட்ப அறிவு இருந்ததால் நகர்த்தவும் இல்லை. வண்டி மைக்கில் என் மூச்சுச் சத்தம் அந்தப் பக்கம் கேட்டுவிடும் என்பதும் தெரியும், மூச்சையும் அடக்கினேன். படித்ததெல்லாம் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான். மாடியில் மனைவி "ஹலோ, ஹலோ" என்று கத்துவது ஜன்னல் வழியாகவும் கேட்டது. அந்த அக்கா கடைசியாகச் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

இதோடு ப்ளூடூத்தை விட்டிருக்கலாம். அப்பாவுக்கு ரேடியோ வாங்கப் போனேன்.

அப்பாவின் பழைய டிரான்சிஸ்டருக்கு ஒரே ஒரு குமிழ்தான் முக்கியம். அது 936-இல் நிற்கும். திருச்சி வானொலி வரும். 1939-இல் தொடங்கிய நிலையம் அது. அப்பாவைவிட வயதில் மூத்ததாக அவருக்கு மிச்சமிருப்பவற்றில் ஒன்று. காலையில் மாநிலச் செய்தி, பிறகு டெல்லி செய்தி. சரோஜ் நாராயணசுவாமி வாசித்தால்தான் செய்தி, மற்றதெல்லாம் தகவல் என்பது அவர் கட்சி. அந்த அம்மா ஓய்வுபெற்று எத்தனையோ காலத்துக்குப் பிறகும் கட்சி மாறவில்லை. டிரான்சிஸ்டர் ஒருநாள் கீழே விழுந்து வாயடைத்தது. நான் புதிதாக ஒன்று வாங்கினேன். பெட்டியின்மேல் போட்டிருந்த பட்டியலைப் பார்த்தே மயங்கிவிட்டேன்: எஃப்எம், ப்ளூடூத், பென்டிரைவ், மெமரி கார்டு, டார்ச், பாட்டுக்கு ஏற்ப மினுக்கும் கலர் லைட். மீடியம் வேவ் மட்டும் இல்லை. 936 இருக்க வேண்டிய இடத்தில் டார்ச் இருந்தது.

சமாளிக்கலாம், போனில் வானொலி ஆப்பைப் போட்டு ப்ளூடூத்தில் விடலாம் என்று ராத்திரி உட்கார்ந்தேன். ரேடியோவை ஆன் செய்தால் ஒரு சீமைப் பெண்குரல் வீடே அதிர, "த ப்ளூடூத் டிவைஸ் இஸ் ரெடி டு பேர்" என்றது. போனில் தேடினால் எழுத்தும் எண்ணும் கலந்த பெயர் இரண்டு, ஏறக்குறைய ஒன்று போலவே. ஒன்றைத் தொட்டேன். கனெக்டட். சோதித்துப் பார்க்க, அப்போது கேட்டுக்கொண்டிருந்ததை ஓடவிட்டேன். சத்தம் இல்லை. கூட்டினேன். இன்னும் கூட்டினேன். முழுதாக வைத்தேன். காலையில் லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "சார், கடுக்காய் பொடி வெந்நீர்லதான் சாப்பிடணுமா?"

மலச்சிக்கல் பற்றிய சொற்பொழிவு அது. அவருடைய ஸ்பீக்கரில், அவர் வீட்டு விருந்தாளிகளுக்கு நடுவில் ஓடியிருக்கிறது. இந்த மாதிரி சின்ன ஸ்பீக்கர்கள் பின் எதுவும் கேட்பதில்லை. யார் தட்டினாலும் கதவைத் திறக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 79 தடங்களுக்குள் நொடிக்கு 1600 தடவை தாவித் தாவிப் போகிறதே, அத்தனை தாவலும் என் வயிற்றுக் கோளாறைப் பக்கத்து வீட்டில் சேர்ப்பதற்குத்தான். அவருக்கு இந்த விவரத்தைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் தரைத்தளம் வந்துவிட்டது. வெந்நீர்தான் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அப்புறம் சரியான ரேடியோவிலேயே இணைத்துக் காட்டிவிட்டு, இந்தப் பொத்தானை அமுக்கினால் இது, அதை அமுக்கினால் அது என்று அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். தலையாட்டினார். சில நாள் கழித்துக் காபி குடிக்கும்போது சொன்னார்.

"புதுசா ஒரு ஸ்டேஷன் வந்திருக்குடா. பாட்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. வயிறு, மூட்டு, தூக்கம்னு ஒருத்தர் பேசறார். நல்ல விஷயமா சொல்றார். ஸ்டேஷன் பேரை மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. 936-ஐத் தேடி அவர் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கியிருக்கிறார். அந்த வழியில் ப்ளூடூத்தும் வரும். வந்ததும் ரேடியோ என் போனைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பக்கத்திலிருக்கும் பிளே பொத்தானையும் தட்டினால், அறையில் கட்டில்மேல் கிடக்கும் என் போன் நேற்று ராத்திரி விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிக்கும். விளம்பரத் தொல்லை வேண்டாமென்று எல்லாவற்றையும் நான் டவுன்லோடு செய்து வைத்திருந்தேன்.

"நீ வாக்கிங் போற நேரத்துல மட்டும் ஸ்டேஷன் நின்னுடுது. ஏன்டா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மீடியம் வேவ் இல்லாத ரேடியோவை வாங்கி வந்ததைச் சொல்ல வேண்டிவரும். அலைவரிசை, காற்று மண்டலம், காலை நேரத்து ஈரப்பதம் என்று கொஞ்சம் பேசினேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். மத்திய அரசு உத்தியோகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். புரியாத விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர். அன்று முதல் ஒன்று செய்தேன். மூட்டுவலி பற்றியதாகப் பார்த்து டவுன்லோடு செய்ய ஆரம்பித்தேன். வாக்கிங் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஸ்டேஷன் தடையில்லாமல் ஓடியது.

போன வாரம் ஒன்பது மணிவாக்கில் குளித்துவிட்டு வெளியே வந்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"இன்னிக்கு நிகழ்ச்சி நடுவுல மணி அடிச்சுது. என்னடான்னு பொத்தானை அமுக்கினேன். ஒரு பொண்ணு வந்தா. நேயர் விருப்பத்துல வாசிக்கற மாதிரி உன் பேரு, வீட்டு நம்பர், தெரு எல்லாம் சொன்னா. கார் லோன் ரெண்டு மாசமா பாக்கியாம். வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணுமாம்."

துண்டு கையிலேயே இருந்தது.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது? ரேடியோகிட்ட யாராவது பதில் பேசுவாங்களாடா?"